ஊழியம்

ஊழியம் (பெயர்ச்சொல்): தொண்டு; பணிவிடை; ஒருவருக்குக் கடமைப்பட்டுச் செய்யும் வேலை.

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்துக் கொழும்பில் இச்சொல், சோனகரும் செட்டிகளும் உடலுழைப்பாகச் செய்யவோ அதற்கீடாகப் பணம் செலுத்தவோ வேண்டியிருந்த கட்டாயச் சேவையைக் குறித்தது. தமிழ் விவிலியத்திலோ அது, பந்தியில் பரிமாறுவதையும் குறிக்கும் ‘டியாகோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக நின்று, விரும்பி ஏற்கும் இறைப்பணி என்னும் பொருளைப் பெற்றது. கொழும்புப் பகுதியிலுள்ள பேலியகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே இன்று பெரிதும் வழங்குவது இப்பொருளே.

2 கொரிந்தியர் 4:1இல் பவுல், ஊழியம் தமக்கு இறை இரக்கத்தால் கிடைத்தது என்பதையே தாம் சோர்ந்துபோகாமைக்குக் காரணமாகக் காட்டுகிறார். ஆகவே ஊழியருக்கு வரும் களைப்பு, அழைப்புப் பொய்த்துவிட்டதன் அடையாளமன்று. தம் வலிமையை நம்புவதை விடுத்து, அழைத்தவரின் இரக்கத்தில் மீண்டும் ஊன்றிக்கொள்ள வேண்டிய வேளையே அது.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணம் வந்த கோவாக் குருவான புனித யோசப் வாஸ், 1692இல் கண்டியில் ஒற்றரெனச் சிறைப்பட்டபோதும் மனந்தளராமல், பின்னர் அம்மை நோயாளரைப் பேணி, 1711இல் இறக்கும்வரை இலங்கைத் தீவிலேயே பணியாற்றியமை இச்சொல்லின் முழுப்பொருளுக்குச் சிறந்த சான்றாகும்.