பால்வெட்டுக்கு எழுந்தவர்களும் எரிமீன் மழையும்

வானத்தில் ஒரு மீன் எரிந்து விழுந்தால் தமிழர் வீட்டில் என்ன சொல்வார்கள்? "அதைப் பார்க்காதே, பச்சை மரத்தைப் பார்" என்பார்கள். இந்த அச்சம் நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 229ஆம் பாடலில், ஒரு மீன் விழக் கண்ட கூடலூர் கிழார் சேர மன்னனுக்கு என்ன நேருமோ என்று கலங்குகிறார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான் என்கிறது பாடல். அச்சத்தைச் சற்று ஒதுக்கிவிட்டுப் படித்தால் புலவர் செய்த இன்னொரு காரியம் தெரியும். மாதம் பங்குனி, நேரம் நள்ளிரவு, உச்சியிலிருந்து சாய்ந்த மீன் எது, எழுந்தது எது, மறைந்தது எது என்று எல்லாவற்றையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். எரிமீன் பார்க்கும் ஆர்வலர் குழுக்கள் இன்றும் செய்வது இதைத்தான்.

விழுவது உண்மையில் விண்மீன் அல்ல. வால்மீன் விட்டுச் சென்ற தூசி. பூமி அந்தத் தூசிப் பாதையைக் கடக்கும்போது துகள்கள் காற்றில் உரசி எரிகின்றன. இந்த உண்மையை நோக்கிய ஆராய்ச்சிக்கு வழி திறந்ததில் சாதாரண மக்களுக்கும் பங்கு உண்டு. 1833 நவம்பரில் அமெரிக்க வானம் நெருப்பு மழையாகப் பொழிந்தது. யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட், பார்த்தவர்கள் எழுதி அனுப்புமாறு செய்தித்தாள் வழியே கேட்டார். வந்த கடிதங்களை ஒப்பிட்டபோது, எல்லாம் சிம்ம ராசியின் திசையிலிருந்தே சிதறியது தெளிவாயிற்று. பின்னர் அதன் மூலமும் தெரிந்தது. 33 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வரும் டெம்பெல்-டட்டில் வால்மீனே அது.

1966இல் மீண்டும் பெருமழை. ஆனால் அமெரிக்காவில் அது உச்சம் கண்டபோது கெடாவில் இரவு ஏழரை மணி. சிம்மம் இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருந்தது. நம் பக்கத்துக்கு வாய்ப்பு வந்தது 2001இல்தான். டேவிட் ஆஷர், ராபர்ட் மெக்நாட் என்ற இரு வானியலாளர்கள், 1699இலும் 1866இலும் வால்மீன் உதிர்த்த தூசி கிழக்காசியாவின் இரவில் பூமியைச் சந்திக்கும் என்று கணித்திருந்தனர். கணிப்பு பலித்தது. மலேசிய நேரப்படி நவம்பர் 19 அதிகாலை இரண்டேகால் மணியளவில் உச்சம். சிம்மத்தின் தலை அப்போதுதான் கெடாவின் கிழக்கு வானில் சற்றே மேலே வந்திருக்கும். அப்படித் தாழ்வாக இருக்கும்போது எரிமீன்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒவ்வொன்றும் வானத்தின் குறுக்கே நீண்ட கோடு கிழிக்கும்.

அந்த இரவின் கணக்கைச் சொன்னவர்கள் யார்? பல நாடுகளில் பாயை விரித்துப் படுத்து எண்ணிய ஆர்வலர்கள். 1988இல் தொடங்கிய பன்னாட்டு எரிமீன் அமைப்பு அவர்களின் ஏடுகளைத் திரட்டியது. சிம்மம் உச்சியில் இருந்து, வானமும் தெளிவாக இருந்தால் மணிக்கு 3,000க்கு மேல் என்று கணக்கிட்டது. இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. இருபது நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்க வேண்டும். கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்ற வேண்டும். ஒருவர் கண்டதை மற்றவர் கணக்கில் சேர்க்காமல், தனித்தனியே எண்ணி நேரத்தோடு எழுத வேண்டும்.

எரிமீனுக்கு விடியலுக்கு முந்திய நேரமே ஏற்றது. மழையில் ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில்தான் துளிகள் அதிகம் விழும். அதுபோல, நள்ளிரவுக்குப் பின் நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்புகிறது. கெடாவில் அந்த நேரத்தில் எழுந்து நடமாடியவர்கள் யார்? பீடோங், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் பெரட்டுக்குப் புறப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளர்கள். ஜெராய் மலையடிவாரத்தின் இருள் அவர்களுக்குப் பழகிய இருள். பால்மரக் காட்டுக்குள் வானம் தெரியாது. லயத்து வாசலிலும் பெரட்டுக் களத்திலும் தெரியும்.

இன்று பல லயங்கள் இல்லை. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. சுங்கைப் பட்டாணி பெருநகராய் வளர்ந்தது. வேலையும் வெளிச்சமும் சேர்ந்தே வந்தன. வெளிச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இருட்டோடு அந்த நினைவுகளும் போய்விடக் கூடாது. ஓம்ஸ்டெட் கேட்டதுபோல, வீட்டிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்கலாம்: 2001 தீபாவளி முடிந்த அந்த வாரம், விடியற்காலையில் என்ன கண்டீர்கள்? சொல்வதைத் தேதியோடு எழுதி வைத்தால் அதுவும் வரலாறு.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுன ராசியிலிருந்து எரிமீன்கள் பொழிகின்றன. பாயும் நோட்டுப் புத்தகமும் போதும். அன்றைக்கு "பச்சை மரத்தைப் பார்" என்று சொல்லாமல், "எத்தனை எண்ணினாய்?" என்று கேட்போம்.