ஊதியமும் உரிமை வாழ்வும்

வறுமையில் வளர்ந்த நம் இளைஞர்களிடம், வேலை தேடுங்கால் சம்பளத்தைக் கருத வேண்டா என்று உரைத்தல் முறையாகாது. பெற்றோரின் கடனும் தம்பி தங்கையரின் படிப்பும் அவர்தம் ஊதியத்தையே நம்பியுள்ளன. எனினும், ஊதியம் எதன் பொருட்டு என்பதை அண்ணல் அம்பேத்கரின் வரலாறு தெளிவுறுத்தும்.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று பயின்ற அண்ணல், ஒப்பந்தப்படி 1917இல் அவ்வரசின் பணியில் சேர்ந்தார். பதவி கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியினின்றும் பதினோராம் நாள் வெளியேற்றப்பட்டார். அப்பணியைத் துறந்து பம்பாய் மீண்டார்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாத ஊதியம் ரூ. 450, அந்நாளில் அது பெருந்தொகை. ஆயினும் ஆடம்பரம் நாடாது, பரேல் பகுதியின் எளிய குடியிருப்பிலேயே குடும்பத்துடன் வாழ்ந்து பொருள் சேமித்தார். 1920இல் அப்பதவியையும் விடுத்து, அச்சேமிப்புடன் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரின் கடனும் பெற்று, இலண்டன் சென்றார். பாரிஸ்டராகத் திரும்பி, 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்று, எவருக்கும் கட்டுப்படாத வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அதனாலேயே 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவித் தடையின்றித் தொண்டாற்ற இயன்றது.

அண்ணல் ஊதியத்தை இகழ்ந்தாரல்லர். அதனை மேற்கல்விக்குக் கருவியாக்கினார். எனவே இளைஞர்களே, வேலையை ஏற்குமுன் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அங்கு மானத்தோடு வாழ இயலுமா, மேலும் கற்க வழியுண்டா என்பனவற்றையும் உடன் கேளுங்கள்.