தூண்டும் கை

மழை ஓய்ந்து பத்து நாள் இருக்கும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூண்டிலோடு வந்த பையன் ஒருவன் தண்ணீருக்குள் கிடந்த கல்லைப் புரட்டி என் பக்கம் நீட்டினான். கல்லின் அடியில் தட்டையாக, மூன்று வால் இழையோடு, விரல் நகத்தளவுகூட இல்லாத ஓர் உயிர் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது.

"இது என்ன தம்பி?"

"பூச்சிண்ணா. மீனு இத்தத்தான் தின்னும்."

இந்தப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் நிம்ஃப் என்று பெயர். சிறகு முளைப்பதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் வளரும் பருவம் அது. கிரேக்கத்தில் 'நிம்ஃபே' என்றால் மணப்பெண். ஊற்றிலும் ஓடையிலும் உறைகிற தேவமகளுக்கும் அதே பெயர்தான். தேனடை அறைக்குள் வளரும் தேனீக் குஞ்சை அந்தப் பெயரால் குறித்தவர் அரிஸ்டாட்டில். நம்மிடமும் வரையரமகளிர் உண்டு, சூரரமகளிர் உண்டு. ஆனால் அவர்களில் யாரும் கல்லுக்கடியில் பூச்சியாகக் குடியேறவில்லை. சிறகடித்துப் பறந்தால் தும்பி, தட்டான், ஊசித்தட்டான் என்று ஆளுக்கொரு பெயர் வைப்போம். தண்ணீருக்குள் கிடக்கும்வரை எல்லாம் பூச்சிதான்.

இந்தப் பூச்சியைப் போலவே இறகாலும் கம்பியாலும் முள்ளின் மேல் ஒரு பொம்மை கட்டி, டிரவுட் என்ற குளிர்நீர் மீனை ஏமாற்றுவது மேல்நாட்டுக் கலை. அதைப் பற்றித்தான் படிக்கத் தொடங்கினேன். போய் நின்றதோ 'தூண்டில்' என்ற நம் சொல்லில்.

மீன்பிடிக்கும் கருவிக்கு ஆங்கிலேயர் வைத்த பழைய பெயர் 'ஆங்கிள்'. வளைந்த முள் என்பதே அதன் பொருள். ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிள்கள் வாழ்ந்த நிலம் தூண்டில் முள்ளைப் போல் வளைந்திருந்ததால்தான் அந்த இனத்துக்கே அப்பெயர் வந்தது என்றொரு கருத்தும் உண்டு. அவர்களுடைய சொல் வளைவைப் பார்த்தது. நம்முடைய சொல் கையைப் பார்த்தது. தூண்டில், 'தூண்டு' என்ற வினையில் பிறந்த பெயர்.

தூண்டுவது என்றால் என்ன? இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சாளர்களின் ஊக்க உரைகள்தான் நினைவுக்கு வரும். அது இந்தச் சொல்லின் போதாத காலம். மின்சாரம் வராத வீட்டில் விளக்கைத் தூண்டினார்கள். எண்ணெயில் அமிழ்ந்து மங்கும் திரியை ஒரு குச்சியால் இத்தனூண்டு மேலே தள்ளுவார்கள், அவ்வளவுதான். அந்தக் குச்சிதான் தூண்டுகோல். அதற்கு வேலை வைக்காமல் எரிவது தூண்டாமணிவிளக்கு. அதிகம் தள்ளினால் புகையும், குறைத்தால் அணையும். இயற்பியல் ஆசிரியர்கள் பின்னாளில் மின்தூண்டல் என்று எழுதியபோதும் இதே நுட்பம் தப்பவில்லை: ஒன்று அசைய, தொடாமலே மற்றொன்று கிளர்வது. மலையாளத்திலும் சொல் கையைவிட்டுப் போகவில்லை: தூண்டில் 'சூண்ட'; சுட்டுவிரல் 'சூண்டுவிரல்'.

சொல்லுக்கு இந்த மலையடியிலேயே பழைய சாட்சி உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்ற ஊரைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடுவது. செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வருகிற சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து இறங்கும் செய்யாறு. அந்தப் பாட்டில் வலைக்காரர் வாளை கொண்டுவருகிறார்கள். தூண்டில்காரர் நீண்ட கயிற்றில் சிவந்த கண் வரால் பிடிக்கிறார்கள், பெண் யானையின் துதிக்கை பருமனுக்கு. கயிற்றுக்குப் புலவர் போடும் சொல் 'நாண்'. இன்று அதே வேலையைத் தங்கூசி செய்கிறது. நாண் போய் நைலான் வந்தது. தூண்டில் என்ற பெயர் மட்டும் ஓர் எழுத்துகூடத் தேயாமல் நிற்கிறது.

டிரவுட் இந்த மலையில் இல்லை, இருக்கவும் முடியாது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறுகிற மீன் அது. ஜவ்வாது மலையின் உயரம் அதற்குப் போதாது. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த இடம் நீலகிரி. 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார், பிறகு எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டை ஓடைகளில் குடியேற்றினார். வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்குக்காக மீனே கப்பலேறி வந்த கதை அது. இங்கே அது போதும்.

மீன் இல்லாவிட்டாலும் இந்தக் கலையின் ஒரு பொருள் ஜவ்வாது மலைக் காட்டிலும் கூவிக்கொண்டிருக்கிறது. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டி உறைந்தாற்போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஐரோப்பாவில் சால்மன் மீனுக்குப் பொய்ப்பூச்சி கட்டியவர்கள் அந்த இறகுக்கு அடித்துக்கொண்டார்கள். கழுத்துத் தோலையே உரித்துக் கப்பலேற்றினார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பறவையின் மேல் கை வைத்தால் வழக்கு. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்பவர், மாசிடோனிய ஆற்றில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, சேவலின் தாடிக்கடியில் முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டைச் செருகி மீன் பிடிப்பதை எழுதிவைத்தார். அந்தச் சேவல் வேறு. ஆனால் மெழுகு நிறம் மீனின் கண்ணுக்கும் பிடிக்கும் போலிருக்கிறது.

ஏலியன் சொன்னது தண்ணீரின் மேல் மொய்க்கும் ஈயைப் போன்றது. அடியில் கிடக்கும் பூச்சியைக் கட்டுவது இங்கிலாந்தில் வெகுகாலம் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. ஹால்ஃபோர்டு என்ற குருவின் சீடர்களுக்கு மிதக்கும் ஈ ஒன்றே முறையான வழி. ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் 1910இல் புத்தகம் எழுதி அதற்கு எதிர்வழக்காடினார். முப்பது வருடம் ஆகியும் வழக்கு முடியவில்லை. மீன் பெரும்பாலும் தண்ணீருக்கடியில்தான் சாப்பிடுகிறது என்பதை நம் ஓடைப் பையன் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டான்.

வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர்தான் நிம்ஃபை எளிமைப்படுத்தினார். அவர் கட்டியதற்கு நூலே கிடையாது. மயிரிழைபோன்ற செம்புக் கம்பியை முள்ளின் தண்டில் சுற்றி, தோள் வரும் இடத்தில் சற்றுத் திரட்டிக்கொள்வார். ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் நாலு இழை எடுத்து, நுனி மட்டும் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்து, மீதியைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்றுவார். தோளின் மேல் இழையை முன்னும் பின்னும் மடித்தால் முளைக்கக் காத்திருக்கும் சிறகின் புடைப்பு. கம்பியே எடை, கம்பியே கட்டு. வாழைநாரில் பூத்தொடுக்கிற கை இதை அரை நாளில் கற்றுக்கொள்ளும். அங்கேயும் பிடி தளராமல் இழுத்துச் சுற்றுவதுதான் வித்தை.

ஆனால் சாயரின் உண்மையான கண்டுபிடிப்பு கட்டில் இல்லை. பொம்மை ஆழத்தில் மீனை நெருங்கும்போது கோல்நுனியை லேசாக உயர்த்துவார். பூச்சி மேலே எழுந்து தப்புவதுபோல் தெரியும். சும்மா இருந்த மீன் பாய்ந்து கவ்வும். இதற்கு ஆங்கிலத்தில் பின்னர் நிலைத்த பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'தூண்டிய கவ்வல்' என்று வருகிறது. திரியை இத்தனூண்டு தள்ளுகிற அதே அசைவு. 1950களில் அவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு நம் சொல் எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவருடைய சகாவான ஆலிவர் கைட் இன்னும் ஒரு படி போனார். இறகு இழையும் வேண்டாமென்று, செம்புக் கம்பி மட்டும் சுற்றிய வெறும் முள்ளைப் போட்டே மீன் பிடித்தார். இதைப் படித்தபோது சூதைப் பற்றிய குறள் ஒன்று நினைவுக்கு வந்தது. 931ஆவது குறளில் சூதாட்ட வெற்றிக்கு உவமை, தூண்டிற் பொன்னை விழுங்கிய மீன். பொன் என்றால் இங்கே தங்கமல்ல, இரும்பு. பரிமேலழகர் அந்த இரும்பு இரைக்குள் மறைந்திருந்ததாக உரை சொல்வார். வள்ளுவர் வாயில் இரை என்ற சொல்லே இல்லை. உரைகாரர் மீனுக்குப் பரிந்து இரையைச் சேர்த்திருக்கிறார். கைட் இருந்திருந்தால், சேர்க்கத் தேவையில்லை என்றிருப்பார்.

தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண் என்பார்கள். அன்று ஓடையில் பையனின் தூண்டிலில் தக்கையே இல்லை. மூங்கில் குச்சி, இரண்டு பாகம் தங்கூசி, முள்ளில் துண்டு மண்புழு. இரையை மேட்டுப்பக்கம் போட்டு, அது தன் முன்னால் வரும்வரை விட்டு, குச்சியின் நுனியைக் கொஞ்சமாக உயர்த்தினான். மறுபடி போட்டான், மறுபடி உயர்த்தினான்.

"எதுக்குத் தம்பி ஆட்டிக்கிட்டே இருக்க?"

"சும்மா வுட்டா மொறச்சிப் பாத்துட்டுப் பூடும்ணா."