ஒரு ஃப்ரேமின் பயணம்

ஆனி மாதம் வந்தால் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. ஊரில் ஒரு டிடிபி கடையில் விழா நோட்டீஸ் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். 'அம்மையார்' என்று தட்டிய அடுத்த கணமே எழுத்து திரையில் நிற்கிறது. அதற்குள் திரை முழுவதற்குமான படம், அதாவது ஃப்ரேம், நினைவகத்தில் இடம் பிடித்து, திரை வரை நடந்து முடித்திருக்கிறது.

1920 × 1080 திரையில் பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 82,94,400 பைட், ஏறக்குறைய 8.3 எம்பி. நோட்டீஸில் எதுவும் மாறாவிட்டாலும் சாதாரண மானிட்டருக்காக அதை நொடிக்கு 60 முறை வாசிக்க வேண்டும். ஒன்று திரையில் இருக்கும்போதே அடுத்தது வரையப்படும். ஆகவே ஃப்ரேமை வைக்கும் இடம், அதாவது பஃபர், இரண்டாவது தேவை.

இவற்றை எங்கே வைப்பது? முடிவெடுப்பது கிராபிக்ஸை இயக்கும் நிரலான டிரைவர். விலை குறைந்த கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. பொது ரேமிலிருந்து ஒரு துண்டை, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் கிராபிக்ஸுக்கென ஒதுக்கிவிடும். அந்த ஒதுக்கீட்டில் வைத்தால் ஃப்ரேம் தொடர்ச்சியாக இருக்கும், வாசிப்பது எளிது. ஆனால் அங்கே இடம் குறைவு. ஒதுக்கீட்டைப் பெரிதாக்கினால் மற்ற வேலைகளுக்கு ரேம் குறையும்.

பொது ரேமில் வைத்தால் அதே ஃப்ரேம் 4 கேபி அளவுள்ள 2,025 பக்கங்களாகச் சிதறிக் கிடக்கலாம். எந்தப் பக்கம் எங்கே என்று அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் சில்லில் திரையைக் கவனிக்கும் பகுதி வாசிக்க வேண்டும். தாமதமானால் திரை மின்னும். காவிரிக் கடைமடையான காரைக்காலுக்கு இது நன்றாகவே புரியும்: அணை நிறைந்திருந்தும் முறை நாளில் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பயிர் வாடும்.

இப்படிச் சிதறிய பக்கங்களிலிருந்து திரைக்கு வாசிக்க எல்லாச் சில்லுகளாலும் முடியாது. ஏஎம்டியின் ஒருங்கிணைந்த சில்லுகளில் 2015-இல் வந்த கரிசோவுக்கு அது முடிந்தது. லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஏஎம்டி டிரைவர் கரிசோவுக்கும் அடுத்து வந்த ஸ்டோனிக்கும் ஒரு விதி வைத்திருக்கிறது: ஒதுக்கீடு 256 எம்பி அல்லது அதற்குக் குறைவானால் ஃப்ரேம் பொது ரேமுக்குப் போகும், கூடுதலானால் ஒதுக்கீட்டிலேயே தங்கும்.

இடம் முடிவானதும் டிரைவர் ஃப்ரேமை அங்கேயே பூட்டிவைக்கும். திரை வாசிக்கும்போது அது நகரக் கூடாது. அடுத்த ஃப்ரேம் முன்னுக்கு வந்ததும் பூட்டு விலகி, இடம் வேறு படத்துக்குப் போகும்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. புதிய சில்லுகள் சிலவற்றில் பொது ரேமிலிருந்து வாசித்தபோது திரை மின்னியது. அதனால் 2023-இல் அந்த வசதியை நிறுத்திவைக்க கெர்னலில் ஒரு தேர்வும் சேர்ந்தது.

4 ஜிபி ரேமோடு வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு எம்பியும் முக்கியம். எனவே ஒரே இடத்தை எல்லாக் கணினிக்கும் விதிப்பது தவறு. சில்லின் திறனையும் ஒதுக்கீட்டின் அளவையும் பார்த்து முடிவெடுக்கும் டிரைவரே நல்ல டிரைவர். லினக்ஸின் ஏஎம்டி டிரைவர் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. காரைக்கால் திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் கணினியியல் படிக்கும் மாணவர்களே, அதைப் படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் ஓடும் எளிய கணினிகளில் சோதித்துப் பாருங்கள். குறை கண்டால் திருத்தி அனுப்புங்கள்.