டீசல் கண்டுபிடிக்காத டீசல் சத்தம்

போன டிசம்பர்ல சானமாவுல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். விடிகாலை அஞ்சு மணி இருக்கும், நல்ல குளிர். பக்கத்துல நின்ன ஒரு பழைய லாரியை ஸ்டார்ட் பண்ணாங்க. தகர டப்பாவுக்குள்ள ஆணியைக் கொட்டி ஆட்டுற மாதிரி கட கட கடன்னு ஒரே சத்தம். மாமா டீயை உறிஞ்சிக்கிட்டே கேட்டார்: "புது வண்டியா மாப்ள? சாஃப்டா ஓடுதே."

மாமா ஜெனரேட்டர் செட் அசெம்பிள் பண்ற ஒரு சின்ன கம்பெனியில 24 வருஷம் டெஸ்டிங்ல இருந்தவர். ஓடுற எஞ்சின் பக்கத்துல நின்னு, எந்த சிலிண்டர் நாசில் சரியில்லைன்னு காதாலயே சொல்லிடுவார். இப்போ அவர் செவித்திறன் வரைபடம் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளமா இறங்கியிருக்கு. சத்தத்துல வேலை பார்த்தவங்க காது முதல்ல அடிவாங்குற இடம் அதுதான். தாழ்ந்த ஒலிகள் அவருக்கு நல்லாவே கேட்கும்.

அதாவது லாரியோட 'தொப் தொப்' அவருக்குக் கேட்டிருக்கு. 'கட கட' கேட்கலை. டீசல் சத்தம்ங்கிறது ஒண்ணு இல்லை, ரெண்டுன்னு எனக்கு உறைச்சது அன்னிக்குத்தான்.

முதல் சத்தம் சுலபம். பழைய லிஸ்டர் வகை பம்பு செட்டை நினைச்சுப் பாருங்க. ஒரே சிலிண்டர், நிமிஷத்துக்கு 650 சுற்று. ரெண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். நொடிக்கு அஞ்சு தடவைக்குக் கொஞ்சம் மேல. புகைக்குழாய்ல அது தனித்தனியா 'தொப் தொப்'னு கேட்கும். சைலன்சர் மாட்டினா அது அடங்கும், கடகடப்பு அடங்காது. ஏன்னா அது குழாய்லேர்ந்து வர்றதில்லை, எஞ்சினோட இரும்பே அதிர்ற சத்தம்.

"அழுத்தம் அதிகம், அதான் சத்தம் அதிகம்"னு BE படிச்ச நானே ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். பாதி உண்மைதான். பெட்ரோல் எஞ்சின்ல தீப்பொறி பத்த வைக்கும், அங்கேர்ந்து தீ வரிசையாப் பரவும். டீசல்ல பொறி கிடையாது. காற்றை 16, 18 மடங்கு அமுக்கினா 500 டிகிரிக்கு மேல சூடாகும். அதுல எண்ணெயைப் பீய்ச்சுவாங்க. ஆனா பீய்ச்சினதும் பத்திக்காது. துளி உடையணும், ஆவியாகணும், காற்றோட கலக்கணும். ஒரு மில்லிசெகண்டு பக்கம் ஆகும். அதுக்குள்ள நாசில் இன்னும் பீய்ச்சிக்கிட்டே இருக்கும். சேர்ந்த எண்ணெய் அத்தனையும் ஒரே நேரத்துல பத்திக்கிறப்போ அழுத்தம் செங்குத்தா எகிறும். சுத்தியலால அடிச்ச அண்டா மாதிரி எஞ்சின் அதிரும். எங்க தொழில் பாஷையில சொன்னா, பஃபர்ல தேங்கின டேட்டாவை மொத்தமா ஒரே தடவையில தள்ளிவிடுறது.

குளிர்ல இந்தத் தாமதம் நீளும், அதனால விடிகாலையில சத்தம் கூடும். பாரத்தோட மேடு ஏறுற வண்டியில உள்ளே எல்லாம் சூடா இருக்கும், தாமதம் சுருங்கும். இரைச்சல் அதிகம்தான், ஆனா கடகடப்பு கம்மி. டீக்கடை வாசல்ல சும்மா ஓடிட்டு நிக்குற லாரிதான் ரொம்பக் கடகடக்கும்.

இனி வரலாறு. ருடால்ஃப் டீசல் 1897ல ஆக்ஸ்பர்க்ல ஓட்டிக்காட்டின எஞ்சின்கிட்ட இந்தக் குணம் பெருசா கிடையாது! அவர் நினைச்சதே, அழுத்தம் எகிறாம எண்ணெய் உள்ளே வர வர எரியணும்னுதான். அமுக்கின காற்றால எண்ணெயை ஊதிவிட்டார். பொடிப்பொடியாச் சிதறி நிதானமா எரிஞ்சது. அந்தக் காற்றுக்குத் தனி கம்ப்ரஸர் வேணும். ஆலைக்குள்ள வைக்கலாம், கப்பல்ல வைக்கலாம், லாரியில ஏத்த முடியாது.

1920கள்ல கம்ப்ரஸரைக் கழட்டிட்டு, பம்பால நேரா எண்ணெயை அழுத்தித் தள்ள ஆரம்பிச்சாங்க. 1927ல பாஷ் கம்பெனி அந்தப் பம்பை எண்ணிக்கையில செய்யத் தொடங்கிச்சு. டீசல் ரோட்டுக்கு வந்தது, சத்தமும் கூடவே வந்துச்சு. இங்கிலாந்துல ஹாரி ரிக்கார்டோ இந்த எரிப்பைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு விளக்கி, முதல்ல ஒரு சின்ன அறையில எரியவிடுற தலைப்பகுதி ஒண்ணும் செஞ்சார். பேரு காமெட். 1950கள்ல அசோக் லேலண்ட் சென்னையில கட்டின காமெட் லாரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பேர்ப் பொருத்தம்தான். சின்ன அறை வெச்சா சத்தம் குறையும், ஆனா சூடு வீணாகி எண்ணெய் கூடக் குடிக்கும். லாரிக்காரர் கணக்கு கிலோமீட்டர்ல. அதனால நேரடியாப் பீய்ச்சுற எஞ்சினே ஜெயிச்சது. மிச்சமான டீசல் முதலாளிக்கு, சத்தம் டிரைவருக்கும் மாமா மாதிரி ஆட்களுக்கும்.

தீர்வு 1997ல ஆல்ஃபா ரோமியோ 156 காரோட வந்துச்சு: காமன் ரெயில். எண்ணெய் 1350 பார் அழுத்தத்துல தயாரா நிற்கும், எப்போ திறக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். முதல்ல ஒரு துளி. அது பத்தி உள்ளே சூடானதும் மீதி. தாமதம் சுருங்கிடும், தேங்குறது இல்லை. வேற வழியில சுத்தி, நூறு வருஷம் கழிச்சு டீசல் ஆரம்பத்துல நினைச்ச இடத்துக்கே வந்து நிக்குறோம். 2020 ஏப்ரல்ல BS6 வந்தப்புறம் நம்ம ரோட்டுப் புது லாரிகள் எவ்வளவு அமைதின்னு உங்களுக்கே தெரியும்.

மாமா வேலை பார்த்த காலத்துல நம்ம தொழிற்சாலை விதிகள்ல எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் எல்லையா இருந்துச்சு. சத்தத்தால வர்ற காதுகேளாமை, பழைய தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில தெரிவிக்கவேண்டிய நோய்களோட பட்டியல்ல இருந்துச்சு. "காதுல பஞ்சு வெச்சா நாசில் சத்தம் எப்படிடா கேட்கும்?"னு மாமா கேட்டார். வேலைக்கு வேண்டிய சத்தமும் காதைக் கெடுத்த சத்தமும் ஒண்ணுதானே. எனக்குப் பதில் தெரியலை.

அந்த லாரியை போன்ல பதிவு பண்ணியிருந்தேன். லேப்டாப்ல அலைவரிசைப் படமாப் போட்டுக் காட்டினேன். கீழே 'தொப் தொப்', மேலே வரிவரியா கடகடப்பு. "எனக்குக் கேட்காதது எது?"ன்னார். மேலே காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஆறு வரிக்கு ஒருதரம் ஒரு வரி மட்டும் அடர்த்தியா இருந்தது.

"ஒரு நாசில் போயிடுச்சு மாப்ள. அந்த டிரைவர் கிளம்புறதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வா."