பெரம்பூர் மில்லும் ஹைகோர்ட் தடையும்

யூனியன்னா நாலு பேர் சேர்ந்து முதலாளிகிட்ட பேசுறது, அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு சட்டம்? இந்தக் கேள்விக்கான பதில் நம்ம வட சென்னையிலேயே இருக்கு.

பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். பி அண்ட் சி மில்னு சொன்னா வீட்ல பெரியவங்களுக்குத் தெரியும். நடத்தினது பின்னி கம்பெனி. முதல் உலகப் போர் காலம். விலைவாசி ஏறிக்கிட்டே போகுது. 1918 செப்டம்பர்ல சென்னையில ஜனங்க தானியக் கடைகளைச் சூறையாடுற நிலைமைக்கே வந்துடுச்சு. அப்போ அமல்ல இருந்த 1911 தொழிற்சாலைச் சட்டப்படி, ஜவுளி மில்லுல ஒரு ஆம்பளையை நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்கு விட்டது அரை மணி நேரம். அதுக்குள்ள வெளியே வரணும், கை கழுவணும், சாப்பிடணும், திரும்ப மெஷின் முன்னாடி நிக்கணும்.

கூலி உயர்வு பெரிய விஷயம்தான். ஆனா தொழிலாளிகளை முதல்ல உறுத்தினது இந்தச் சாப்பாட்டு நேரமும், மேலதிகாரிகள் நடத்தின விதமும். யூனியன் தொடங்குறதுக்கு எப்பவுமே காசு மட்டும் காரணமா இருக்குறதில்லைன்னு நான் நினைக்கிறேன்.

செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடுன்னு ரெண்டு பேர். மில்லுக்குப் பக்கத்துல கடை வச்சிருந்தவங்க. தொழிலாளிகளோட கஷ்டத்தைத் தினமும் காதால கேட்டவங்க. அடையாறுல அன்னி பெசன்ட் கூட வேலை பார்த்த பி.பி. வாடியாவை இவங்கதான் தேடிப் போனாங்க. வாடியா பம்பாய்க்காரர், பார்சி. இங்கிலீஷ்ல பேசுவார், அதைத் தமிழ்ல சொல்ல ஆள் வேணும்! 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். அப்போ ‘தேசபக்தன்’ ஆசிரியரா இருந்த திரு.வி.க. துணைத் தலைவர். பம்பாய்ல லோகாண்டே 1890-லயே ஒரு மில் தொழிலாளர் சங்கம் வச்சிருந்தார். ஆனா உறுப்பினர், சந்தான்னு முறையா நடந்த முதல் சங்கம்னு நம்ம ஊர் சங்கத்தைத்தான் பொதுவா சொல்றாங்க.

இப்போ மெயின் கதைக்கு வருவோம். 1920 கடைசியில மில்லுல பெரிய தகராறு, கதவடைப்பு. டிசம்பர் 9-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. பின்னி கம்பெனி ஹைகோர்ட்டுக்கும் போச்சு. வாடியா மேலயும் மத்த தலைவர்கள் மேலயும் கேஸ். தொழிலாளிகள் கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தூண்டினாங்க, அதனால நஷ்டம்னு வழக்கு. கோர்ட் தடை உத்தரவு கொடுத்துடுச்சு.

இதுல இருக்குற வேடிக்கையைக் கவனிங்க. ஒப்பந்தத்தை மீறத் தூண்டுறது தப்புங்கிற கொள்கை இங்கிலாந்துச் சட்டத்துல இருந்து வந்தது. ஆனா இங்கிலாந்துல 1906-லயே, தொழில் தகராறுல இந்தக் காரணத்துக்காக வழக்குப் போட முடியாதுன்னு சட்டம் போட்டாச்சு. மூலக் கொள்கை கப்பலேறி வந்துச்சு, விலக்கு வரலை. கடைசியில ஒரு சமரசம்: வாடியா சங்கத்தை விட்டு விலகினார், கேஸ் வாபஸ். அடுத்த வருஷப் போராட்டம் சாதிப் பகையா மாறி, புளியந்தோப்புல ஆதிதிராவிடத் தொழிலாளிகளோட குடிசைகள் எரிஞ்சது தனிக் கதை. சங்கம்னா எல்லாரும் ஒண்ணுன்னு லேசா சொல்லிட முடியாது.

சென்னைத் தீர்ப்பு மத்த ஊர்த் தலைவர்களையும் பயமுறுத்துச்சு. 1921-ல என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தார். அஞ்சு வருஷம் இழுத்து, 1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அப்போ ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம்னு இருந்தது. அதோட 18-வது பிரிவு, தொழில் தகராறுல வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாங்கன்னு மட்டும் சொல்லி, பதிவான சங்கம் மேலயோ நிர்வாகிகள் மேலயோ வழக்குப் போட முடியாதுன்னு சொல்லுச்சு. வாடியா மாட்டின அதே பொறி.

ஆனா ஒண்ணை விட்டுட்டாங்க. சங்கத்தைப் பதிவு பண்ணலாம், சரி. அதோட முதலாளி உட்கார்ந்து பேசியே ஆகணுமா? அந்தச் சட்டத்துல அப்படி இருக்கலை. 1947-ல அதுக்கு ஒரு திருத்தம் நிறைவேறுச்சு, அமலுக்கே வரலை. 2024 செப்டம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளிகள் ஒரு மாசத்துக்கு மேல வேலைநிறுத்தம் செஞ்சப்போ, சங்கத்தைப் பதிவு செய்யணும், கம்பெனி அதை அங்கீகரிக்கணும்ங்கிறதுதான் முக்கியக் கோரிக்கை. பதிவு 2025 ஜனவரியில கிடைச்சது. 2020-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின தொழில் உறவுகள் சட்டம், பல சங்கங்கள் இருக்குற இடத்துல 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமா அங்கீகரிக்கணும்னு சொல்லுது. அந்த 51 சதவீதத்தை யார் எண்ணுறது, எப்படி எண்ணுறதுங்கிறதுலதான் அடுத்த சண்டை.