ரோடு ஹில் மாளிகைக் கொலை: காணாமல் போன ஒரு நைட்கவுன்

கேட் சம்மர்ஸ்கேல் எழுதிய 'தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விட்சர்' என்ற ஆங்கில நூல் 2008-ல் வெளிவந்து, அதே ஆண்டின் சாமுவேல் ஜான்சன் பரிசையும் வென்றது. துப்பறியும் நாவல் போல ஓடும் நூல். ஆனால் நாவல் இல்லை! 1860-ல் இங்கிலாந்தில் உண்மையாகவே நடந்த ஒரு கொலையின் வரலாறு.

முதல் சில அத்தியாயங்களில் வாசகர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: கொலை செய்தது யார்? பாதி தாண்டுவதற்குள் அது வேறு கேள்வியாக மாறிவிடுகிறது: சரியாகச் சொன்ன மனிதரை ஏன் யாரும் நம்பவில்லை? இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

(நூலை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் கவனிக்க: முடிவு கீழே சொல்லப்படுகிறது.)

அந்த இரவு

வில்ட்ஷயர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் ரோடு என்றொரு கிராமம். ஊரின் பெயரே அதுதான். அங்கே ரோடு ஹில் ஹவுஸ் என்ற பெரிய வீட்டில் சாமுவேல் கென்ட் என்பவர் குடும்பத்தோடு வசித்தார். தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசு அதிகாரி. முதல் மனைவி இறந்த பிறகு, அதுவரை தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்த பெண்ணையே இரண்டாவதாக மணந்தார்.

1860 ஜூன் 29-ம் தேதி இரவு அந்த வீட்டில் தூங்கியவர்கள் 12 பேர். குடும்பத்தினர் 9 பேர், வேலைக்காரர்கள் 3 பேர். மறுநாள் விடியற்காலையில் ஆயா எலிசபெத் கஃப் கண் விழித்தபோது சிறுவன் சேவில் தொட்டிலில் இல்லை. தாய் தூக்கிப் போயிருப்பார் என்று நினைத்து அவர் மறுபடி தூங்கிவிட்டார். சில மணி நேரம் கழித்து, தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கென்று இருந்த கழிப்பறைக் குழிக்குள் குழந்தையின் உடல் கிடைத்தது. கழுத்து அறுபட்டிருந்தது. சேவிலுக்கு அப்போது நான்கு வயது கூட நிரம்பவில்லை.

கதவுகள் எல்லாம் இரவில் உள்ளிருந்து பூட்டப்பட்டவை. காலையில் வரவேற்பறை ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அப்படியானால் கொலையாளி வெளியாள் இல்லை, அந்த வீட்டுக்குள் தூங்கிய ஒருவர்தான் என்ற பயங்கரமான முடிவுக்கு வருவதைத் தவிர வழியில்லை.

லண்டனிலிருந்து வந்தவர்

உள்ளூர் போலீஸ் இரண்டு வாரம் தடுமாறியது. பிறகு ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விட்சர் வந்தார். 1842-ல் லண்டன் போலீஸ் தன் முதல் துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் மொத்தமே 8 பேர். விட்சர் அவர்களில் ஒருவர். ஒரு தோட்டக்காரரின் மகன். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் இவரைப் பற்றி, பெயரைச் சற்றே மாற்றி எழுதியும் இருக்கிறார்.

விட்சரின் சந்தேகம் விழுந்தது 16 வயது கான்ஸ்டன்ஸ் கென்ட் மீது. முதல் மனைவியின் மகள். அதாவது இறந்த சிறுவனுக்கு அக்கா முறை. காரணங்கள் இரண்டு.

ஒன்று பழைய கதை. கொலைக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1856-ல், கான்ஸ்டன்ஸ் தன் தம்பி வில்லியமோடு வீட்டை விட்டு ஓடினாள். ஓடும் முன் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு ஆண்பிள்ளை உடையை மாட்டிக்கொண்டாள். கத்தரித்த முடியை எங்கே வீசினாள் தெரியுமா? பின்னாளில் குழந்தையின் உடல் கிடைத்த அதே கழிப்பறையில்!

இரண்டாவது, சலவைக் கணக்கு. அவளிடம் இருந்த நைட்கவுன்கள் மூன்று. இப்போது இருப்பது இரண்டு. கொலை நடந்த அடுத்த திங்கட்கிழமை அழுக்குத்துணிக் கூடை சலவைக்காரியிடம் போகத் தயாராக இருந்தபோது, கான்ஸ்டன்ஸ் பணிப்பெண்ணிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருக்கிறாள். பணிப்பெண் தண்ணீர் எடுக்கப் போன அந்த இடைவெளியில், கணக்கில் ஏறிவிட்ட சுத்தமான நைட்கவுனை அவள் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள் என்பது விட்சரின் ஊகம். அப்படிச் செய்தால் பழி சலவைக்காரி மேல் விழும். ரத்தக்கறை பட்ட நைட்கவுனை அழித்தது யாருக்கும் தெரியவராது.

எத்தனை எளிமையான தர்க்கம்! ஆனால் நீதிமன்றத்தில் காட்டுவதற்குக் கையில் என்ன இருந்தது? இல்லாத ஒரு துணி. அவ்வளவுதான்.

ஊர் சொன்ன தீர்ப்பு

ஜூலை மாதம் கான்ஸ்டன்ஸ் கைது செய்யப்பட்டாள். ஒரு வார விசாரணைக்குப் பிறகு ஜாமீனில் விடுவிக்கப்பட்டாள். அவளுடைய வழக்கறிஞர் விட்சரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடைகளை எண்ணிப் பார்க்க இந்தப் போலீஸ்காரன் யார் என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம்.

நூலில் வாசகரைச் சங்கடப்படுத்தும் இடம் இதுதான். சந்தேகம் அங்கிருந்து ஆயா எலிசபெத் கஃப் பக்கம் திரும்பியது. அவர் மீண்டும் கைதாகி, மீண்டும் விடுவிக்கப்பட்டார். அவருக்கு எதிராகவும் ஆதாரம் இல்லை. ஆனால் ஏழைப் பெண்ணைச் சந்தேகிப்பது அந்தச் சமூகத்துக்குச் சுலபமாக இருந்தது. டிக்கன்ஸும் கூட, ஆயாவும் குழந்தையின் தந்தையும் சேர்ந்துதான் கொன்றிருப்பார்கள் என்று கடிதத்தில் எழுதினார்.

இன்னொன்றும் பின்னர் வெளிவந்தது. கொலை நடந்த அன்றே உள்ளூர் போலீஸ் சமையலறை அடுப்பருகே ரத்தம் படிந்த ஒரு பெண் உடையைக் கண்டெடுத்திருந்தது. எடுக்க வருபவரைப் பிடிக்கலாம் என்று அதை அங்கேயே திரும்ப வைத்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களை சாமுவேல் கென்ட் அன்றிரவு சமையலறைக்குள் வைத்துப் பூட்டினார். உடை மாயமானது. வெட்கப்பட்ட போலீஸ், விட்சரிடம் கூட இதைச் சொல்லவில்லை!

ஐந்து ஆண்டுகள் கழித்து

விட்சரின் பெயர் கெட்டது. 1864-ல் உடல்நலத்தைக் காரணம் காட்டி ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டே, 1865 ஏப்ரலில், கான்ஸ்டன்ஸ் லண்டனில் நீதிபதி முன் வந்து நின்று கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 20 ஆண்டுகள் சிறையில் இருந்து 1885-ல் வெளிவந்தாள். பின்பு ஆஸ்திரேலியா போய், பெயரை மாற்றிக்கொண்டு, நர்ஸாகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 1944-ல் தன் நூறாவது வயதில் இறந்தாள். வாக்குமூலம் முழு உண்மை தானா, தம்பி வில்லியமுக்கும் பங்கு இருந்ததா என்ற சந்தேகத்தை சம்மர்ஸ்கேல் எழுப்புகிறார்.

விட்சர் இலக்கியத்தில் பிழைத்துக்கொண்டார். 1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலில் கறை பட்ட ஒரு நைட்கவுன் காணாமல் போகிறது. கூர்மையான ஒரு துப்பறிவாளர் பெரிய வீட்டுப் பெண்ணைச் சந்தேகித்து அவமானப்பட்டுத் திரும்புகிறார். அந்த நாவலின் வைரம் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளை போனதாகக் கதை.

யார் சரி?

விட்சர் சொன்னது சரி. ஆனால் அவளை விடுவித்ததும் சரியே. காணாமல் போன ஒரு துணியை நம்பி 16 வயதுப் பெண்ணைத் தூக்குமேடைக்கு அனுப்ப எந்த நீதிமன்றமும் துணியக் கூடாது. தவறு வேறிடத்தில் இருக்கிறது. "ஆதாரம் போதாது" என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டிய சமூகம், "நல்ல குடும்பத்துப் பெண் இதைச் செய்யமாட்டாள்" என்றது. முதல் வாக்கியம் நீதி. இரண்டாவது சாதிப்புத்தி போன்ற ஒன்று. ஆயாவுக்கு அந்த இரண்டாவது சலுகை கிடைக்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூடை, ஜன்னல், நைட்கவுன் என்று துப்பு தேடித் தேடி வாசகரும் ஒரு குட்டி விட்சர் ஆகிவிடுகிறார். அந்த ஆர்வத்தில் முதலில் மறந்து போவது சேவில் என்ற சிறுவனைத்தான். 1860-ல் பத்திரிகை வாசித்தவர்களுக்கும் அதுவேதான் நடந்தது.

நூலைப் படிப்பவர்கள் பாதியில் ஒருமுறை நிறுத்தி, தாங்கள் யாரைச் சந்தேகிக்கிறோம், ஏன் என்று கேட்டுப் பார்க்கலாம். விடை கொலையாளியைப் பற்றி மட்டும் இருக்காது!